மூன்றாவது ஜன்னல்

ஜனவரி 18

உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி இது. முதல் பதினேழு பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. சரித்திரத்தில் ஏறும்படி அந்த நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான். இன்று முதல் எழுதுகிறேன்.

தங்கை கோமளவல்லியை நேற்று முன்தினம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் என்று ஒரு வாரம் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தவள், மூச்சு விட முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறதாம். பக்கத்து வீட்டு ஜீப்பை வரவழைத்தது, அவளைத் தூக்கி ஏற்றியது, மலைப்பாதையில் டிரைவருக்கு வழி சொன்னது எல்லாம் நான்தான். டிரைவர் அந்தப் பாதையில் முப்பது வருஷமாக ஓட்டுகிறார் என்றாலும் அவசரத்தில் ஒரு தலைமை வேண்டுமல்லவா. ஆஸ்பத்திரி வந்ததும் கேட்டில் நின்று போக்குவரத்தை ஒழுங்கு செய்தேன். உள்ளே எதற்கு வீண் கூட்டம். நர்சுகள் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரி எனக்குப் புதிதல்ல. பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி சரசா இதே ஆஸ்பத்திரியில்தான் காலமானாள். கடைசி மூச்சு வரை அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவன் நான்.

இனி கோமு வீடு திரும்பும் வரை இந்த வீடு, இரண்டு கோழிகள், மொட்டைமாடியில் நிற்கும் கம்ப்யூட்டர் தொலைநோக்கி எல்லாம் என் நிர்வாகத்தில்.

ஜனவரி 19

தொலைநோக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோமு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றாள். மற்ற டீச்சர்கள் காசிக்குப் போனார்கள். இவள் இதை வாங்கினாள். நட்சத்திரத்தின் பேரை ரிமோட்டில் தட்டினால் குழாய் உர்ரென்று தானாகவே திரும்பி அதன் மேல் போய் நிற்கும். ஏதாவது ஒரு புள்ளியைப் பார்த்து இது என்ன என்று கேட்டால் பேர் சொல்லும். பிடித்ததைச் சேமித்தும் வைக்கலாம். மறுநாள் நம்பரைத் தட்டினால் அங்கேயே போய் நிற்கும். கோமு இதுவரை முப்பத்தொரு பொருள் சேமித்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம்.

நான் ஒன்பதாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் பத்தாம் வகுப்புக்காரர்கள் என்னிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். அது போக, இருபத்தாறு வருஷம் வியூ பாயின்ட்டில் தொலைநோக்கி வைத்து டூரிஸ்டுகளுக்கு ஊர் காட்டியவன். அதோ பவானிசாகர் அணை, அதோ கோயமுத்தூர், அதற்குப் பின்னால் லேசாக மினுங்குகிறதே, அது அரபிக்கடல் என்பேன். தெரியவில்லை என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. குழாய்க்குள் கண்ணை வைப்பதில் இந்த நீலகிரியில் என்னை மிஞ்சிய ஆள் கிடையாது.

முக்காலியின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தில் கோமு பெயின்டில் மூன்று வட்டம் போட்டிருக்கிறாள். ஒரு விரல் நகர்ந்தாலும் கணக்கெல்லாம் கெட்டுவிடுமாம். நான் அதைத் தொடாமல் சுற்றிலும் பெருக்கினேன்.

ஜனவரி 20

இன்று ஒரு கண்டுபிடிப்பு. விஞ்ஞானிகள் பொறாமைப்படுவார்கள்.

கோமுவின் நோட்டில் பின்பக்கம், "நிலப் பொருளைச் சேமித்தல்" என்று ஒரு குறிப்பு. வானத்தில் இருப்பதை மட்டுமல்ல, தரையில் இருக்கிற கோபுரம், மரம், கட்டடம் எதையும் இந்த இயந்திரம் நினைவில் வைத்துக்கொள்ளுமாம். எங்கள் மொட்டைமாடிக்கு நேர் எதிரே, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், தேயிலைக்கு நடுவில் தீப்பெட்டி மாதிரி நிற்பது எது? ஆஸ்பத்திரி. ரோட்டில் போனால் நாலு கிலோமீட்டர், காக்கை பறந்தால் ஒன்று.

அந்த வார்டு நர்ஸ் லீமா சிஸ்டருக்குப் போன் போட்டு, தங்கச்சி படுக்கை எந்த ஜன்னலோரம் என்று விசாரித்தேன். வெளியில் நின்று பார்த்தால் மேல்மாடியில் இடமிருந்து மூன்றாவது என்றார். பார்க்கும் நேரம் நாலு மணியிலிருந்து ஆறு, வாங்களேன் என்றும் சொன்னார். மொட்டைமாடியில் வேலை இருக்கிறது என்றேன்.

குழாயைத் திருப்பி, ஆஸ்பத்திரியைப் பிடித்து, ஒன்பது ஜன்னலில் இடமிருந்து மூன்றை எண்ணினேன். கட்டடத்தின் மேலே பேர்ப் பலகையும் தெரிந்தது. ஏதோ புரியாத எழுத்து, மலையாளமாக இருக்கலாம். ஜன்னலில் சால்வை, குரங்குக் குல்லா, மாஸ்க். நம் கோமு! எழுந்து நிற்கிறாள்!

உடனே சேமித்தேன். நிலப் பொருள் 1. ஒரு ஆசைக்கு அந்த ஜன்னலைக் காட்டி, பேர் சொல்லும் "ஐடென்டிஃபை" பட்டனையும் அழுத்தினேன். இயந்திரம் யோசித்து ஒரு பெரிய நம்பரைக் காட்டி, "கேலக்ஸி" என்றது. என் தங்கையை நட்சத்திரக் கூட்டம் என்கிறது. படித்த இயந்திரம்.

இதைப் பற்றி நோட்டில் கோமு சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்: "குழாய் நீட்டும் திசையில் தனக்குத் தெரிந்த பேரை இது சொல்லும். எதிரே உள்ளது அதுதானா என்று இதற்குத் தெரியாது. சரிபார்ப்பது நம் வேலை." டீச்சர்களுக்கு எதிலும் சந்தேகம்.

ஜனவரி 21

காலையில் கோமுவுக்குப் போன் செய்து, சாயங்காலம் ஐந்தரைக்கு மொட்டைமாடியில் சிவப்புத் துண்டை வீசுவேன், நீயும் ஜன்னலில் நின்று கையாட்டு என்று சொன்னேன். இருமினாள். பிறகு, சரிண்ணா என்றாள்.

ஐந்தரைக்கு வீசினேன். ஓடி வந்து குழாயில் பார்த்தால் கையாட்டுகிறாள்! நான் வீச, அவள் ஆட்ட, நான் ஓட, அவள் ஆட்ட, எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. போன் செய்து, பார்த்தேன் கோமு, நன்றாகக் கையாட்டினாய் என்றேன்.

"நான் கையாட்டினேனா?" என்றாள். பிறகு, "ஆமாண்ணா, ஆட்டினேன்" என்றாள்.

ஜனவரி 22

குரங்கு ஒன்று குழாயின் மேல் குதிரை ஏறியது. தனி ஆளாக விரட்டினேன். பன்னிரண்டு குரங்குகள்.

ஜனவரி 24

ராகிக் கஞ்சி காய்ச்சி ஜீப்காரரிடம் கொடுத்தனுப்பினேன். பாத்திரம் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் பிரமாதமாகச் சாப்பாடு போடுகிறார்கள் போலிருக்கிறது.

சாயங்காலம் கோமுவே போன் செய்தாள். அவள் சேமித்த ஒன்பதாம் நம்பரைத் தட்டி, தெரிகிறதா பார்த்துச் சொல் என்றாள். தட்டினேன். மேகம் மூடிக் கிடந்தது. அதை நோயாளியிடம் சொல்வதா? அடடா கோமு, சனி கிரகம் வளையத்தோடு தங்கத் தட்டு மாதிரி ஜொலிக்கிறது என்றேன்.

"ஒன்பது ஓரியன் நெபுலாண்ணா. சனி இப்ப விடியக்காலைலதான் வருது."

எனக்காக இன்று சீக்கிரம் வந்திருக்கும் என்றேன். சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. போனை வேறு யாரோ வாங்கி வைத்தார்கள்.

ஜனவரி 26

கோமுவின் மகள் சுகந்தி மஸ்கட்டிலிருந்து பேசினாள். அம்மாவின் குரலே சரியில்லை மாமா, லீவு கேட்டிருக்கிறேன், டிக்கெட் போடட்டுமா என்று கேட்டாள்.

நான் சொன்னேன்: "எதுக்கு அம்மிணி? தினமும் என் கண்ணால பாக்கறேன். எந்திரிச்சு நிக்கறா, கையாட்டறா. நேத்து அந்தப் பக்கம் திரும்பித் தலை சீவிக்கிட்டு நின்னா."

"நீங்க பக்கத்துல இருக்கறதுதானுங்க மாமா எனக்குத் தெம்பு" என்றாள்.

பக்கத்தில் என்று நான் சொல்லவில்லை. கண்ணால் பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன். இதில் பொய் எதுவுமில்லை.

ஜனவரி 27

பனிமூட்டம். ஆஸ்பத்திரி இல்லை, எதிர்மலை இல்லை, எங்கள் கொய்யாமரமே இல்லை. ஆனாலும் ஐந்தரைக்குத் துண்டை வீசினேன்.

ஜனவரி 28

இன்று ஜன்னலில் கோமு மாஸ்கைக் கொஞ்சம் விலக்கி ஆப்பிள் தின்றாள். கன்னம் அசைவதைப் பார்க்க அவ்வளவு நிம்மதி. உடம்பும் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் போனில் பேசினாள். குரல் நூலாக இருந்தது. "நாளைக்கு ஒரு நடை வந்துட்டுப் போறியாண்ணா?" என்று கேட்டாள். கோழிக்கு உடம்பு சரியில்லை, குரங்குத் தொல்லை, குழாயைத் தனியாக விட முடியாது என்று காரணங்களை வரிசையாகச் சொன்னேன். எல்லாம் நியாயமான காரணங்கள். சரிண்ணா, கோழியப் பாத்துக்கோ என்றாள்.

சரசாவும் அப்படித்தான். எதையும் வற்புறுத்த மாட்டாள். நான் சாத்துக்குடி வாங்கப் போன பத்து நிமிஷத்தில் அவள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கட்டிலில் புது விரிப்பு.

ஜனவரி 30

இன்று வெளிச்சம் சரியில்லை.

ஐந்தரைக்கு ஜன்னலில் வந்து நின்றவள் மாஸ்கையும் குல்லாவையும் கழற்றியிருந்தாள். முப்பது வயசுதான் இருக்கும். மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. நான் துண்டை வீசியதும் வழக்கம் போலவே கையாட்டினாள்.

பக்கத்துப் படுக்கைப் பெண்ணாக இருக்கும். கோமு அசதியாகத் தூங்கியிருப்பாள், தனக்குப் பதிலாக நிற்கச் சொல்லியிருப்பாள். லென்சைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

ஜனவரி 31

காலை ஒன்பது மணிக்கு லீமா சிஸ்டர் போன் செய்தார். கோயமுத்தூரிலிருந்து டாக்டர் வருகிறாராம், மூன்றாம் தேதி ஆபரேஷன். நெஞ்சில் நீர் சீழாகிவிட்டது, திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டும், சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார். நன்றாக நடமாடுகிறவளுக்கு எதற்கு ஆபரேஷன் என்று கேட்டேன்.

"யாருங்க நடமாடறது? பதினஞ்சு நாளா நெஞ்சுல குழாய் சொருகியிருக்கு. கட்டிலை விட்டு இறங்கவே இல்லீங்க."

அவர்தான் அலோ அலோ என்று கூப்பிட்டுவிட்டு வைத்தார்.

மாடிக்குப் போனேன். கொடியில் என் சிவப்புத் துண்டு இடது பக்கமும் வெள்ளை வேட்டி வலது பக்கமும் காய்ந்துகொண்டிருந்தன. கொடியின் பக்கம் குழாயைத் திருப்பிப் பார்த்தேன். கலங்கலாகத்தான் தெரிந்தது, ஆனாலும் துண்டு வலது பக்கம். வேட்டி இடது பக்கம். கோமுவின் நோட்டைப் புரட்டினேன். ஐந்தாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாள்: இந்தக் குழாய் இடம் வலத்தைக் கண்ணாடி மாதிரி மாற்றிக் காட்டும். வானத்துக்கு அது ஒரு பொருட்டில்லை.

வியூ பாயின்ட்டில் என் குழாய் அப்படிச் செய்யாது. இடம் இடம்தான். இருபத்தாறு வருஷம்.

ஆஸ்பத்திரியின் பேர்ப் பலகையைப் பார்த்தேன். மலையாளம் இல்லை. தமிழ்தான், திரும்பிக் கிடக்கிறது.

குழாயில் வலது ஓரத்திலிருந்து மூன்றை எண்ணினேன். திரை பாதி மூடிய ஜன்னல். உள்ளே ஆள் தெரியவில்லை. ஒரு கம்பி, அதில் தலைகீழாகத் தொங்கும் பாட்டில், அவ்வளவுதான். பாட்டில் தீரும் வரை பார்த்தேன். ஒரு கை வந்து மாற்றியது. நிலப் பொருள் 2 என்று சேமித்தேன். ஐடென்டிஃபை பட்டனை அழுத்தவில்லை.

பிற்பகல் சுகந்திக்குப் போன் செய்தேன். நான் பார்த்தது உன் அம்மாவை இல்லை அம்மிணி, வேறு யாரோ, நான் ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை, டிக்கெட் போடு என்றேன். அந்தப் பக்கம் அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஏனுங்க மாமா?" என்று மட்டும் கேட்டாள். பதில் இல்லாமல் நான் போனை வைத்தது இதுவே முதல் தடவை.

பிப்ரவரி 1

மூன்று மணி பஸ்ஸில் கிளம்பினேன். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். காற்று வாங்கலாம் என்று. அங்கேயே ஆறு மணி வரை காற்று வாங்கினேன். திரும்பி வந்துவிட்டேன்.

டைரியில் ஒரு திருத்தம். சரசா விஷயத்தில் சாத்துக்குடி வாங்கப் போனேன் என்று எழுதியிருக்கிறேன். சாத்துக்குடி இல்லை. அது மே மாசம், டூரிஸ்ட் சீசன். அவளுக்கு இன்றோ நாளையோ என்று முந்தின நாளே டாக்டர் சொல்லிவிட்டார். நான் காலையில் எழுந்து குழாயைத் தூக்கிக்கொண்டு வியூ பாயின்ட்டுக்குப் போனேன். அன்றைக்கு நல்ல கூட்டம். அரபிக்கடலைக் காட்டிக்கொண்டிருந்தேன். கோமுதான் உள்ளே இருந்தாள். கடைசி வரை கையைப் பிடித்திருந்தது அவள். ஊருக்கெல்லாம் நான் பிடித்திருந்ததாகச் சொன்னபோதும் பக்கத்தில் நின்று, ஆமாம் என்றவள்.

பிப்ரவரி 2

போனேன்.

மாடிப்படி நாற்பத்திரண்டு. எண்ணிக்கொண்டே ஏறினேன். எண்ணுவதை நிறுத்தியிருந்தால் இறங்கியிருப்பேன். வராந்தாவில் ஒரு பெண் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் மூக்குத்தி. என் தோளில் கிடந்த துண்டையே பார்த்தாள்.

"எதிர்மலைல துண்டு வீசறது நீங்களாய்யா?"

ஆமாம் என்றேன். அவள் பேர் பேபி. தேயிலைத் தோட்டத்தில் வேலை. வீட்டுக்காரர் திருப்பூரில், பார்க்க யாரும் வரவில்லையாம். மொதல்ல ஏதோ கொடின்னு நெனச்சேன், நான் கையாட்டினதும் திரும்ப ஆடுச்சு, யாரோ நமக்குத்தான் ஆட்டறாங்கன்னு தினமும் அஞ்சரைக்கு எந்திரிச்சு நின்னேன், நாளைக்கு டிஸ்சார்ஜ் என்றாள். உனக்குத்தான் அம்மா ஆட்டினேன் என்றேன். இதைப் பொய்க் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

கோமு கட்டிலில் பாதியாகக் கிடந்தாள். விலாவிலிருந்து குழாய் இறங்கி ஒரு ஜாடிக்குள் போகிறது. உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு முதலில் கண்ணை மூடினாள், பிறகு திறந்தாள்.

"கையாட்டினேன்னு ஏன் சொன்னே?" என்று கேட்டேன்.

"நீ அவ்வளவு சந்தோஷமாச் சொன்னே. இல்லேன்னு எப்படிச் சொல்றது?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "இல்லேன்னா நீ வந்தாகணும். உனக்குப் பயம்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குப் பயமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆமா கோமு என்று வந்தது.

பக்கத்தில் உட்கார் என்று கண்ணால் காட்டினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கையெழுத்துப் பாரத்தை லீமா சிஸ்டர் கொண்டுவந்தார். நோயாளிக்கு உறவு என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதினேன். என் கையெழுத்து அழகு என்று பள்ளிக்கூடத்திலேயே பேர். இன்று கோழி கிளறிய மாதிரி இருந்தது.

பிப்ரவரி 3

காலை பத்து மணிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் கூடவே நடந்தேன். கதவுக்கு முன்னால் கோமு கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன். எலும்பெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. ரொம்ப நேரமாயிடும், வீட்டுக்குப் போறதுன்னா போண்ணா, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன் என்றாள். அவள் உண்மையாகவே ஒன்றும் நினைக்க மாட்டாள். அதுதான் சங்கடம்.

கதவு மூடியது.

பதினொன்று. பெஞ்சு. எதிர்ச்சுவரில் பல்லி.

பன்னிரண்டரை. பேபி பையோடு கிளம்பினாள். வரேங்கய்யா, அக்கா நல்லாயிடுவாங்க என்றாள். ஒரு ஆப்பிளைக் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்றரை. இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை கேட் வரை. அங்கே ஜீப் நின்றது. ஏறிக்கொள்கிறீர்களா என்றார் டிரைவர். இல்லை என்று திரும்பி வந்தேன். நாற்பத்திரண்டு படி.

இரண்டே முக்கால். டாக்டர் வெளியே வந்து, சீழெல்லாம் எடுத்தாச்சு, இன்று ராத்திரி தாண்டட்டும் என்றார். தாண்டும் என்றும் சொல்லவில்லை, தாண்டாது என்றும் சொல்லவில்லை. இரண்டில் எதையும் நானாகச் சேர்த்துக்கொள்ளாமல் சுகந்திக்கு அப்படியே சொன்னேன். அவள் சென்னையில் இறங்கிவிட்டாள்.

ராத்திரி கட்டில் பக்கம் ஒருவர் இருக்கலாம் என்று லீமா சிஸ்டர் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். கோமுவின் முகத்தில் மூச்சு மாஸ்க். அதில் ஆவி வெள்ளையாகப் படிந்து, தெளிந்து, மறுபடி படிகிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு பக்கத்திலிருந்து நான் எதையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

பிப்ரவரி 4

காலை ஏழே காலுக்குக் கோமு கண்ணைத் திறந்தாள். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், பிறகு தலையை மெதுவாகத் திருப்பி என்னைப் பார்த்தாள். சிஸ்டர் மாஸ்கை நகர்த்தி, உதட்டைப் பஞ்சால் நனைத்தார்.

"ராத்திரி பூரா இங்கயா இருந்தே?"

வாய் வரைக்கும் வந்தது. இமை மூடவில்லை, நகரவில்லை, மூன்று டாக்டர்கள் என்னை வந்து பாராட்டினார்கள் என்று.

"அஞ்சு மணிக்கு ஒரு பத்து நிமிஷம் டீ குடிக்கப் போனேன்" என்றேன்.

கோமு என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எனக்கு டீ?" என்றாள்.